ஒரு புட்டிக்குப் பத்து கிராம்

புட்டி கழுவுவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். வெந்நீர் விட்டு, நீளமான பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தவன் என்பதால் எனக்கு அது தானாகவே கைவந்தது.

நேற்று உங்கள் எதிரில் உட்கார்ந்து, ஃபிர்மின் வீட்டு நிலவறையில் இருநூற்று நாற்பது பீர் புட்டிகள் வெடித்ததற்கு நான்தான் காரணம் என்று சொன்னேன். நீங்கள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள். வீட்டில் துணைக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டீர்கள். விபத்து என்று எழுதி மூடிய கோப்பை மறுபடி திறக்க முடியாது என்றீர்கள். உங்கள் கனிவுக்கு நன்றி. ஆனால் எழுபத்திரண்டு வயதில் எனக்குக் கை நடுங்கவில்லை, புத்தியும் பேதலிக்கவில்லை. அதைக் காட்டத்தான் என் கையெழுத்திலேயே எழுதித் தருகிறேன். தவிர, உங்கள் உதவியாளர் இரண்டு விரலால் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

அவசரத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. வருகிற சனிக்கிழமை ஃபிர்மின் தன்னுடைய பதினான்கு மரப்பீப்பாய்களையும் விற்கப் போகிறான். தன் நாக்கு செத்துப்போய்விட்டது என்று நம்புகிறான். அவன் நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் பெயர் ஒடீல். ஆல்ஸ்ட் ஊர்க்காரன். இந்தக் கிராமத்துக்கு வந்து நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. இத்தனைக்கும் ஆல்ஸ்ட் ஒன்றும் தூரதேசம் இல்லை, காலையில் சைக்கிளில் போனால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனாலும் இங்கே இன்னமும் நான் "ஆல்ஸ்ட்காரர்"தான். ஃபிர்மின் ஒருவன் மட்டும் முதல் நாளே என்னை வாடா போடா என்று கூப்பிட்டான். அதை நான் மறக்கவில்லை என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கடற்கரைப் பக்கத்துக்காரர். நேற்று உங்கள் மேஜையில் எலுமிச்சை சோடா இருந்ததைப் பார்த்தேன். அதனால் எங்கள் பீரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரில் பீரைப் புளிக்க வைக்க யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. குளிர்காலத்தில் தானியத்தைக் காய்ச்சி, அகலமான செம்புத் தொட்டியில் ஊற்றி, பரணில் திறந்து வைத்துவிடுவார்கள். காற்றில் எது வருகிறதோ அது வந்து விழும். விழுந்தது அதைப் புளிக்க வைக்கும். அதனால்தான் ஃபிர்மின் வீட்டுப் பரணில் ஒட்டடை அடிப்பதில்லை, சிலந்தியைக் கொல்வதில்லை, உடைந்த ஓட்டை மாற்றுவதில்லை. அவன் மனைவி லிவினா கைப்பிடித் துணிக்குக்கூட இஸ்திரி போடுகிறவள். அவளுடைய துடைப்பமே அந்தப் பரண் ஏணியோடு நின்றுவிடும். யார் எவர் என்று தெரியாத ஒன்று ஜன்னல் வழியாக வந்து இறங்கும், அதை நம்பிப் பீப்பாயில் ஊற்றி மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும் என்றால் ஒரு மருந்துக்கடைக்காரனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விலாசம் இல்லாத சரக்கை நான் ஒரு நாளும் கடைக்குள் விட்டதில்லை.

புட்டியில் அடைப்பதுதான் முக்கியமான கட்டம். மூன்று வருஷப் பீரில் ருசி இருக்கும், நுரை இருக்காது. ஒரு வருஷப் பீர் இளசு. அதில் கொஞ்சம் சர்க்கரைச் சத்து மிச்சம் இருக்கும். இரண்டையும் கலந்து அடைத்தால், அந்த மிச்சத்தைத் தின்று, காற்றில் வந்து விழுந்த ஈஸ்ட் புட்டிக்குள்ளேயே நுரையை உண்டாக்கும். இளசு எவ்வளவு, முதியது எவ்வளவு என்பதை ஃபிர்மின் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வான். தனியாகச் சர்க்கரை போடுவது கிடையாது. இங்கே ஒருவன் பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனால்கூட இரண்டு வருஷத்தில் மறந்துவிடுவார்கள். பீரில் சர்க்கரை போட்டவன் என்று பேர் வந்துவிட்டால் அவன் பேரனுக்கும் பெண் கிடைக்காது.

நான் முதன்முதலில் சர்க்கரை போட்டது பதினோரு வருஷத்துக்கு முன்பு.

அந்த ஏப்ரலில்தான் ஃபிர்மின் முதல் தடவையாக என்னைப் புட்டி அடைக்கக் கூப்பிட்டான். இருவருமாகச் சேர்ந்து கார்க் அடித்தோம், கம்பி முறுக்கினோம், நிலவறையில் படுக்க வைத்தோம். ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு போட்டோம். பின்னால் யார் எடுத்து வைத்தாலும் அதே பக்கம் மேலே இருக்க வேண்டும், அடியில் படிந்த வண்டல் கலையக் கூடாது என்பதற்காக. அன்று எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. ஆறு வாரம் கழித்து, எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க யாருக்கும் தெரியாமல் ஒன்றைத் திறந்தேன். ஒரு குமிழிகூட இல்லை. பூச்சாடியில் ஒரு வாரம் கிடந்த தண்ணீர் போல இருந்தது.

ஃபிர்மினை நினைத்து வருத்தப்பட்டேன். இதைத் தூக்கிக்கொண்டு போய் நாலு பேருக்குக் கொடுத்து மானத்தைக் கெடுத்துக்கொள்ளப் போகிறானே என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குப் புறாப் பந்தயம். பிரான்ஸில் திறந்துவிட்ட புறாக்கள் வீடு திரும்பும்வரை கொல்லையில் நாற்காலி போட்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். வீடே தீப்பிடித்தாலும் திரும்ப மாட்டான். நாலு ஞாயிற்றுக்கிழமை நிலவறைக்குப் போனேன். ஞாயிறு ஒன்றுக்கு அறுபது புட்டி. கார்க்கைக் கழற்றி, நான்கு கிராம் சர்க்கரைப் பாகு விட்டு, புதுக் கார்க் அடித்து, கம்பி முறுக்கி, வெள்ளைக் கோடு மேலே இருக்கும்படி படுக்க வைத்தேன். நிறுப்பதற்குக் கடைத் தராசு இருந்தது. சர்க்கரையை ஆல்ஸ்டுக்குப் போய் வாங்கினேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஃபிர்மின் ஒரு புட்டியைத் திறந்தபோது நுரை பொங்கி வந்தது. ஒரு வாய் குடித்தான். என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நல்லா வந்திருக்குடா," என்றான்.

"எல்லாம் உன் நாக்குடா," என்றேன். நண்பன் என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வருஷத்திலிருந்து வேலை சுலபமாகிவிட்டது. புட்டி கழுவுகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கழுவி வைக்கும்போதே அடியில் பாகை விட்டுவிடுவேன். கரும்பச்சைக் கண்ணாடி, வெளியே தெரியாது. இப்படிப் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில்தான் ஃபிர்மினுக்குப் பேர் வந்தது. பிரஸ்ஸல்ஸிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். தங்க நாக்கு என்றார்கள். எனக்குப் பொறாமை இல்லை. அவனைப் பற்றி வந்த செய்திகளை எல்லாம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் கொண்டுவந்து காட்டுகிறேன். ஓரத்தில் பென்சிலால் சில திருத்தங்கள் மட்டும் செய்திருக்கிறேன்.

போன இலையுதிர் காலத்தில் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கொல்லையில் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டாள்.

"இவனா? நம்ம ஒடீல். புட்டி கழுவுவான்," என்றான் ஃபிர்மின். பிறகு என்ன நினைத்தானோ, "நல்லாக் கழுவுவான்," என்றும் சேர்த்துக்கொண்டான்.

புட்டி கழுவுவான் என்றதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த "நல்லா"தான் சங்கடமாக இருந்தது. அது அப்படியே அச்சில் வந்தது. படத்தில் என் முழங்கை வந்தது.

இந்த ஏப்ரலில் எனக்கு முதுகுவலி என்று சொல்லி அனுப்பினேன். ஃபிர்மினே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"கழுவ வேணாம்டா, நான் கழுவிக்கறேன். நீ வந்து சும்மா உக்காரு. மெத்தை வச்ச நாற்காலி போடறேன்."

"படுத்தாத்தான் கேக்குது," என்றேன்.

"நீ இல்லாம என்னடா புட்டி அடைக்கறது? லிவினா கூட அடைச்சா நாள் பூரா கைய கழுவு, கைய கழுவும்பா."

நான் போகவில்லை. அப்போது என் திட்டம் மிகவும் சாதுவானது. இந்த ஒரு வருஷம் என் சர்க்கரை இல்லாமல் அடைக்கட்டும், பீர் சவசவ என்று இருக்கட்டும், யாரால் நுரை வந்தது என்று தானாகவே தெரியட்டும் என்று நினைத்தேன். மே மாதம் யோசித்துப் பார்த்தபோது அதில் ஒரு ஓட்டை தெரிந்தது. நுரை வராவிட்டால் வெயிலைக் குறை சொல்வார்கள், காற்றைக் குறை சொல்வார்கள், வயசானவர் பாவம் என்று மன்னித்துவிடுவார்கள். அதனால் கஞ்சத்தனம் பார்க்காமல் இந்த வருஷம் தாராளமாகப் போடலாம் என்று முடிவு செய்தேன். புட்டிக்குப் பத்து கிராம்.

மறுபடியும் நாலு ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் அறுபது அறுபதாக. கார்க்கைக் கழற்றியபோது ஒவ்வொன்றும் லேசாகச் சீறியது. என் சர்க்கரை விழுவதற்கு முன்பே சீறியது. இதை நோட்டில் குறித்துக்கொண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

வெடிக்கும் என்று தெரியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கண்ணாடி எவ்வளவு அழுத்தம் தாங்கும், பத்து கிராமுக்கு எவ்வளவு அழுத்தம் ஏறும், எத்தனை வாரத்தில் ஏறும், எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். செப்டம்பர் முதல் பாதி என்று வந்தது. தெரியாது என்று சொன்னால் என் கணக்கை நானே அவமானப்படுத்தியது போல ஆகும்.

செப்டம்பர் ஏழாம் தேதி ஃபிர்மினுக்கு விருந்து. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் அவனுக்குப் பதக்கம் கொடுத்தது. களஞ்சியத்தில் நீள மேஜைகள் போட்டு நாற்பத்து மூன்று பேர் உட்கார்ந்தோம். பலகைத் தரைக்கு நேர் கீழே நிலவறை. நல்ல வெயில். ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, முள்ளங்கி, ரத்தப் பொரியல். மேயர் முதல் மேஜையில். எனக்கு நிலவறைக் கதவை ஒட்டி இடம் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பாண்டு வாத்தியக்காரர், இன்னொரு பக்கம் லிவினாவின் அக்கா. அந்த அம்மாள் தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபிர்மின் கழுத்தில் பதக்கத்தோடு, கையில் புட்டிக் கூடையோடு வந்தான். வண்டல் கலங்காமல் இருக்கப் புட்டியைப் படுக்க வைத்தே எடுத்து வருகிற கூடை அது. என் காதருகே குனிந்தான்.

"ஒடீல், எந்திரிடா. கூட வந்து விளக்கப் பிடி. உனக்கு ஒரு விசேஷம் வச்சிருக்கேன்."

நான் என் வாயைக் காட்டினேன். வாயில் ரொட்டி இருந்தது. பிறகு முதுகைக் காட்டினேன்.

"ஓ, முதுகு. சரி சரி, நீ சாப்பிடு," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

முள்ளங்கி வைத்த ரொட்டியை ஒழுங்காக மென்று விழுங்க அரை நிமிஷம் ஆகும். நிலவறைக்குப் பதினேழு படி. அவன் பத்தாவது படியில் இருந்தபோது என் வாய் காலியாகிவிட்டது. அடுத்த துண்டுக்கு வெண்ணெய் தடவினேன்.

எங்கள் ஊரில் விருந்து என்றால் மரியாதைக்கு வேட்டுப் போடுவது வழக்கம். அதனால் முதல் சத்தம் கேட்டதும் மேயர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். எல்லோரும் எழுந்தார்கள். பாண்டு அணிவகுப்பு ராகத்தைத் தொடங்கியது. "இந்தத் தடவ நல்லாவே செலவழிச்சிருக்காங்க," என்றார் என் பக்கத்து வாத்தியக்காரர். ஒரு புட்டி வெடித்தால் அதன் சில்லு பக்கத்துப் புட்டியை உடைக்கும், அது அடுத்ததை. சுமார் நாற்பதாவது வேட்டில் பலகை இடுக்கு வழியாகப் பீர் மேலே வந்து மேயரின் காலுறையை நனைத்தது. அப்போதுதான் சிலருக்குச் சந்தேகம் வந்தது. மொத்தம் நான்கு நிமிஷம் நடந்தது.

முதல் சத்தத்திலேயே ஃபிர்மின் திரும்பி ஓடியிருக்கிறான். ஆகவே முப்பத்தொரு தையலும் பின்பக்கம், இடுப்புக்குக் கீழே. பதக்கம் இருந்த பக்கத்தில் ஒரு கீறல் இல்லை என்று டாக்டரே வியந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்டப் படியேறி வந்து கதவருகே நின்றான். கையில் கூடையின் கைப்பிடி மட்டும் இருந்தது.

"மன்னிக்கணும்," என்றான் கூட்டத்தைப் பார்த்து. "பீர் வரக் கொஞ்சம் நேரமாகும்."

மறுநாள் பத்திரிகையில், தங்க நாக்குக்காரரின் பீரில் அவ்வளவு உயிர் இருந்தது என்று எழுதினார்கள். அந்த வரியை நான் பல தடவை படித்தேன்.

முந்தாநாள் மருத்துவமனைக்குப் போனேன். குப்புறப் படுத்திருந்தான். லிவினா பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. நீங்களாவது இவருக்குப் புத்தி சொல்லுங்க. பீப்பாயெல்லாம் வித்துடறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு."

"உக்காரவே வழியில்ல, இதுல ஒத்தக்கால்ல நிக்கறேனாம்," என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நீ போய் ஒரு காப்பி குடிச்சுட்டு வா, லிவினா."

அவள் போனதும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இந்த வருஷம் சர்க்கரை போட்டியா?"

"என்ன சர்க்கரை?" என்றேன்.

"அட, போடா. மொத வருஷத்துலேருந்தே தெரியும். அந்த ஜூலையில என் தங்கச்சி வந்தாளேன்னு ஒண்ணத் தொறந்தேன். சுவரெல்லாம் நுரை. சர்க்கரை இல்லாம நம்ம பரண் ஈஸ்ட்டுக்கு ஏதுடா அவ்ளோ சுறுசுறுப்பு? அது எந்திரிச்சு உக்காந்து சோம்பல் முறிக்கவே ஒரு வருஷம் ஆகும்."

"ஆறு வாரம் ஆகியும் ஒரு குமிழி வரலியே," என்றேன்.

"எவ்ளோ?"

"ஆறு வாரம்."

"ஆறு வாரத்துலயா தொறந்து பாத்த?" என்றவன் சிரிக்க ஆரம்பித்தான். கட்டில் குலுங்கியது. இரண்டு தையல் பிரிந்துவிட்டது. அந்த இரண்டையும் என் பேரிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், மொத்தம் முப்பத்து மூன்று. மருந்துக்கடையைப் பொறுத்தவரை ஆறு வாரம் என்பது மிகவும் நீண்ட காலம், இன்ஸ்பெக்டர் ஐயா.

நர்ஸ் வந்து தைத்துவிட்டுப் போன பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அதுக்கப்புறம் வருஷா வருஷம் இளசக் கொறச்சுத்தான் ஊத்துவேன். உன் சர்க்கரைக்கு எடம் விட்டு. இல்லேன்னா எப்பவோ வீடு பறந்திருக்கும்."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டு நீ வராமப் போயிடுவ. அப்புறம் நான் யாரு கூடடா உக்காந்து கார்க் அடிக்கறது?" தலையணையைச் சரிசெய்துகொண்டான். "அந்தப் பத்திரிகைக்காரப் பொண்ணு கேட்டா பாரு, நீ யாருன்னு. சர்க்கரை போடறவன்னா சொல்ல முடியும்? ஊரு உன்னச் சும்மா விடுமா? புட்டி கழுவறவன்னு வாயில வந்துடுச்சு. உன் மூஞ்சி போனதப் பாத்தேன். அதான் அன்னிக்கு உன்னக் கீழ கூட்டிட்டுப் போயி, நீயே ஒரு புட்டிய எடுத்துட்டு வர, எல்லார் முன்னாடியும் மெடல உன் கழுத்துல போடலாம்னு இருந்தேன்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"நீ முதுகுவலின்னு வரல," என்றான். "சரி, இந்தத் தடவ சர்க்கரை இல்லன்னு இளச முழுசா ஊத்தினேன். நாப்பது வருஷமா அந்த அளவு தப்பினதில்ல. நீ போட்டிருந்தா சரி, வெடிச்சதுல அதிசயம் இல்ல. நீ போடலேன்னா என் நாக்கு போயிடுச்சுன்னு அர்த்தம். சொல்லுடா. போட்டியா?"

"இல்ல," என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அப்ப வித்துட வேண்டியதுதான்," என்றான்.

நோயாளி குப்புறக் கிடக்கும்போது அதிர்ச்சியான விஷயங்களைச் சொல்லக் கூடாது. அது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. வெளியே வந்து மாதா கோயில் எதிரில் இருக்கிற பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பீப்பாய்கள் போய்விட்டால் ஏப்ரலில் நான் எங்கே போவேன் என்று யோசித்தேன். பிறகுதான் உங்களிடம் வந்தேன்.

ஆகவே என் ஒப்புதல் இது. பாகு காய்ச்சியது நான். புட்டிக்குப் பத்து கிராம் போட்டது நான். வெடிக்கும் என்று தெரிந்துதான் போட்டேன். வெடிக்கிற வாரத்தில் ஃபிர்மின் படியிறங்கியபோது, தடுக்க நேரம் இருந்தும் தடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வழக்குப் போடுவதானால் போடுங்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே மருத்துவமனைக்குப் போய் இதை ஃபிர்மினுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பார்வையாளர் நேரம் மூன்று மணி. அவன் நாக்கு நன்றாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். கண்ணாடி அழுத்தம் பற்றிய பத்தியையும், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற பத்தியையும், மேலே உள்ள ஒப்புதலில் கடைசி வரிகளையும் விட்டுவிட்டுப் படியுங்கள். சர்க்கரையை அவன் மன்னித்துவிடுவான், பத்து வருஷமாக மன்னித்தவன்தானே. மற்றதைக் கேட்டால் வீணாக மனம் உடைந்துபோவான். நாற்பத்தொரு வருஷப் பழக்கம், இன்ஸ்பெக்டர் ஐயா. எங்களுக்குள் இன்றுவரை ஒளிவுமறைவு என்று ஒன்று இருந்ததே இல்லை.